கடைசியாகக் கை வைத்தது யார்?

வண்டி நின்றுபோனால் மற்ற ஊர்களில் ரிப்பேர்காரன் வந்து பானெட்டைத் திறப்பான். மட்டாஞ்சேரியில் எங்கள் ஆசான் வந்தால் பானெட் உடனே திறக்கப்படாது. அவர் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். அடுத்து நம் கையைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வரும்.

"கடைசியா இதுல கை வெச்சது ஆரு?"

டைனமோ, செல்ஃப், ஹாரன், லைட், பேட்டரி என்று வண்டியில் கரண்டு ஓடுகிற எதுவானாலும் பஜார் ரோட்டில் அந்தக் காலத்தில் அவர்தான். பள்ளுருத்தியில் இன்னொருவர் இருந்தார். ஆனால் அவரிடம் போய் வந்தது தெரிந்தால் அதற்கென்று தனி விசாரணை நடக்கும். ஆசானுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிந்ததில்லை. களரியும் செண்டையும் கற்றுக் கொடுப்பவர்களை அந்தப் பக்கத்தில் ஆசான் என்பார்கள். இவர் யாருக்கும் எதையும் கற்றுக் கொடுத்ததாகக் கேள்வியில்லை. தெரிந்ததை வெளியே சொன்னால் அப்புறம் ஆளாளுக்குக் கை வைப்பார்கள் என்று பயந்திருக்கலாம்.

ஆள் குள்ளம். அரைக்கை காக்கிச் சட்டை, ஆசிட் பட்டுப் பொத்தலாய்ப் போன முண்டு. கறுப்பு டேப் சுருள் ஒன்று இடது கையில் வளையலாக எப்போதும் கிடக்கும். மற்றவர்கள் பீடி செருகும் காதில் இவர் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பார். கவிழ்த்துப்போட்ட பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பாலில்லாத கட்டன் சாயா குடித்தபடி அவர் விசாரிக்கும்போது, எதிரே நிற்கிற நாம் நம்மை அறியாமல் கைகட்டிக்கொண்டு விடுவோம். போலீசில் சேரப் போய் உயரம் போதாமல் திரும்பியவர் என்று படகு ஜெட்டியில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போலீஸ்காரன்கூட எப்போதாவது ஆளை விட்டுவிடுகிறான்.

அவருடைய கொள்கை எளிமையானது. கம்பி தானாகக் கெடாது. கெட்டிருந்தால் ஒரு மனுஷன் கெடுத்திருக்கிறான். அந்த மனுஷனைக் கண்டுபிடித்துவிட்டால் கம்பி தன்னால் வழிக்கு வரும்.

"உப்புக்காத்துதான் காரணம் ஆசானே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கொச்சிக்காயல் காற்று தின்னாத இரும்பு உண்டா?

அவர் சாயா கிளாசைக் கீழே வைத்தார். "காத்து எல்லா வண்டிக்கும் ஒண்ணுதானே டிரைவரே? பின்ன உன் வண்டி மட்டும் எதுக்கு நின்னுச்சு?"

இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. அவரிடம் உள்ள சங்கடமே அதுதான். கேட்கும்போது எல்லாம் நியாயமாகவே இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுத்த பிறகுதான் எங்கேயோ இடிக்கும்.

நான் அப்போது ஒரு மலஞ்சரக்கு முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். மிளகு, சுக்கு, ஏலம் எல்லாம் அவர் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக் கப்பலுக்குப் போகும். என் அத்தா பாலக்காட்டிலிருந்து வந்து அதே கிட்டங்கியில் மூட்டை எண்ணியவர். முதலாளியும் எங்களைப் போலத் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம்தான். அதனால் என்னிடம் ஒரு பிரியம் உண்டு. அந்தப் பிரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆசான் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் டாக்டர் வண்டியின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டர். அவர் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். மட்டாஞ்சேரிச் சந்துகளில் இடது பக்கம் திரும்பாமல் ஒரு நோயாளி வீட்டுக்கும் போக முடியாது. டாக்டர் வருவது முனைக்கு முனை தெரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு மையத்து ஊர்வலத்துக்குப் பின்னால் மரியாதைக்காக வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். பள்ளிவாசல் திருப்பத்தில் ஹாரன் அலறியது. சீக்கிரம் நடங்கள் என்று விரட்டுவதுபோல் நீளமாக அலறியது. இறந்தவருக்கு வைத்தியம் பார்த்ததும் அந்த டாக்டர்தான்.

ஆசான் வந்தார். ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரின் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். வண்டியைக் கழுவுவது அவர் வேலை.

"எந்தப் பக்கம் நின்னு கழுவுவ?"

"ரெண்டு பக்கமும்தான் ஆசானே."

"முதல்ல எந்தப் பக்கம்?"

கம்பவுண்டர் யோசித்தார். "முதல்ல... இடது பக்கம்."

"ஆ" என்றார் ஆசான்.

அந்த 'ஆ' வந்துவிட்டால் கேஸ் முடிந்தது. பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் கை விட்டார். உரசி உரசித் தோல் போய்க் கிடந்த ஹாரன் வயரை இழுத்தார். கையில் கிடந்த டேப்பைச் சுற்றினார். ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஹாரன் ஓய்ந்தது. வேலை செய்யத் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கை சுத்தமான கை. ஆனால் ஊர் என்ன புரிந்துகொண்டது? ஹாரன் ஓய்ந்துவிட்டதால் கம்பவுண்டர்தான் குற்றவாளி என்பது ருசுவாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் மருந்து கலக்கும்போது ஜனங்கள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படியாக எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. குற்றவாளி கிடைக்காமல் வண்டி கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதால், விவரமானவர்கள் குற்றவாளியைக் கூடவே அழைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அரிசி மண்டி லாரிக்காரர் ஒருவருக்கு வேலைவெட்டி இல்லாத ஒரு அளியன் இருந்தான், பெண்டாட்டியின் தம்பி. அவனுக்கு ஒருவழியாக உத்தியோகம் கிடைத்தது. லாரியில் எது கெட்டாலும் அவன் முன்னால் வந்து நிற்பான்.

"ஞான்தான் ஆசானே. தெரியாம சுவிட்சை முறுக்கிட்டேன்."

ஆசான் முகம் மலர்ந்துவிடும். "அறிவில்லையாடா உனக்கு? கள்ளம் பறையாம ஒத்துக்கிட்ட பாரு, அதுக்காக விடறேன்" என்று செல்லமாகத் திட்டியபடியே எழுந்து, கை ஓடுவதே தெரியாத வேகத்தில் வேலையை முடித்துவிடுவார். ஒப்புக்கொள்ள ஆள் இல்லாதவர்களின் வண்டிகள், ஆசானுக்குப் பட்டறையாக இருந்த மழை மரத்தடியில் நாள்கணக்காகக் கிடக்கும். நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வைப்பர் ஓடாதபோது, ஈரத்துணியால் நான்தான் மோட்டாரைத் துடைத்தேன் என்றேன். அது சாயாக்கடையில் இடம் பிடிக்கச் சொல்லும் பொய் மாதிரி. சொன்னோம், வேலை நடந்தது, போனோம்.

எல்லாருக்கும் அப்படிப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லாரிக் கிளீனர், என்னைவிட மூத்தவர், பிள்ளைகுட்டிக்காரர். பின்விளக்கு வயர் அறுந்ததற்கு அவர் பொறுப்பு என்று ஆசான் 'ஆ' சொன்னார். அந்த லாரி முதலாளி வெளியூர்க்காரர், எங்கள் வழக்கம் தெரியாதவர். தீர்ப்பை நிஜம் என்று எடுத்துக்கொண்டு அன்றே ஆளை நிறுத்திவிட்டார். பிறகு ஒருமுறை வைப்பின் தீவுக்குப் போகும் படகில் அந்தக் கிளீனரைப் பார்த்தேன். மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசானிடம் இதைச் சொன்னபோது, "வயரு இப்ப சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

இனி என் கதை.

எங்கள் முதலாளியின் வண்டி கறுப்பு நிறச் சீமை வண்டி. ஊருக்குக் கப்பல் ஏறிப்போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. டிக்கியில் எப்போதும் சரக்கு மாதிரிகள் இருக்கும், சின்னச் சின்னத் துணிப்பைகளில். ஒரு மழைநாள் சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தபோது, ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸ் வாசலில் முதலாளி டிக்கிக்குள் தடவி ஒரு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேஜையில் கொட்டியபோது முதல்தர மிளகுக்குப் பதில் காம்பும் பதருமாக மூன்றாந்தரம் கொட்டியது. ஆபீஸ் துரை மூக்கைச் சுளித்தாராம். மறுநாளே முதலாளி ஆசானைக் கூப்பிட்டு, டிக்கியில் ஒரு விளக்கு வேண்டும் என்றார். மூடியைத் திறந்தால் எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும்.

ஆசான் பெரிய வீடுகளுக்குக் காலிங் பெல் மாட்டும் வேலையும் பார்ப்பார். அந்த வேலைக்கான சாமான் பையிலிருந்து ஒரு கறுப்பு பட்டனை எடுத்தார். டிக்கியின் விளிம்பில், மூடி வந்து படிகிற இடத்தில் அதைப் பொருத்தினார். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து ஒரு சின்ன பல்பு மாட்டினார். பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, கட்டைவிரலால் பட்டனை அமுக்கினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"கண்டோ முதலாளி? மூடி இதைத் தொடும். அவ்வளவுதான் சங்கதி."

முதலாளி பலே என்றார். கணக்கப்பிள்ளை பலே என்றார். நானும்தான் சொன்னேன். அமுக்கினால் எரிகிற பட்டன், மூடி வந்து அமுக்கினால் என்ன செய்யும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பேரும் பல்பைத்தான் பார்த்தோம்.

மறுநாள் டிக்கியைத் திறந்தால் விளக்கு எரியவில்லை.

"ஆசானைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா" என்றார் முதலாளி அவசரமாக. "பல்பு போயிருக்கும். அவரு வந்தா ஆரு தொட்டதுன்னு ஆரம்பிச்சுடுவாரு. நமக்கு ஜோலி இருக்கு."

அப்படியே விட்டுவிட்டோம். அந்த வாரமே பேட்டரி இறங்க ஆரம்பித்தது. காலையில் செல்ஃபை இழுத்தால் ஒரு முனகல், அதோடு சரி. ஹாண்டில் போட்டுச் சுற்றுவேன். கை வலித்துப்போனால் கிட்டங்கிச் சுமட்டுக்காரர்கள் வந்து தள்ளுவார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையோடு பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, மூட்டை தூக்குகிறவர்கள் ஏலேலோ போட்டு வண்டியைப் பஜாரின் நடுவே தள்ளிக்கொண்டு போவதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று ரசித்தார்கள். "முதலாளி, சரக்கு எங்கே இறக்கணும்?" என்று ஒருவன் குரல் கொடுத்தான்.

ஆசான் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து வைப்பார். இரண்டொரு நாளில் மறுபடியும் காலி. டைனமோவைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பேட்டரியும் நன்றாக இருந்தது. கடைசியில் ஒருநாள் காலை கிட்டங்கி முற்றத்தில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு காலி மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். முதலாளி, கணக்கப்பிள்ளை, சுமட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"வண்டி சுகம். பேட்டரி சுகம்" என்றார் ஆசான். "அப்ப ராத்திரி இந்த வண்டி உறங்கல. சாவி ஆருகிட்ட?"

"எங்கிட்ட" என்றேன்.

"வீடு?"

"பள்ளுருத்தி."

"எப்படிப் போற?"

"பஸ்ல. பஸ் இல்லேன்னா நடந்து."

"சாவி பையில இருக்கும்போது நடந்தா போற?"

சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "வண்டியை ஓட்டினா சார்ஜ் ஏறத்தானே செய்யும் ஆசானே? இறங்குமா?" என்று கேட்டேன்.

"ஓட்டினேன்னு ஞான் சொன்னேனா?" ஆசான் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "நீயாத்தானே சொல்ற."

"நான் எங்கே..."

"லைட்டைப் போட்டு எங்கியோ நிறுத்தி வெச்சா இறங்கும்."

"எதுக்கு நிறுத்தி வெக்கணும்?"

"அத நீயல்லே பறையணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். பள்ளுருத்தியில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் முதலாளியின் கறுப்பு வண்டி விளக்குப் போட்டபடி நிற்பதை அவர்கள் எல்லோரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் அவரவர் விருப்பப்படி நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலாளி என்னை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "சும்மா ஒத்துக்கப்பா. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். நாளைக்கு பம்பாய்லேர்ந்து ஏஜெண்டு வர்றாரு, அவரைக் கூட்டிட்டு வர வண்டி வேணும். ஒத்துக்கிட்டா இப்பவே ரிப்பேர் நடக்கும்."

"வைப்பர்ல ஈரத்துணின்னா ஒத்துக்கலாம் முதலாளி. இது வேற."

"என்ன வேற? செய்யாத ஆளுக்கு ஒத்துக்கறதுல என்ன பயம்? எல்லாரும் ஒத்துக்கறாங்கல்ல?"

"இதை ஒத்துக்கிட்டா என்னைத் திருடன்னு சொல்லுவாங்க."

முதலாளி பக்கத்து மூட்டையில் சிந்தியிருந்த மிளகைத் தட்டிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை அப்படி அதுவரை பார்த்ததில்லை. "இல்ல... நீ இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறதைப் பார்த்தா..." என்று இழுத்தார்.

எங்கள் வழக்கத்தின் லட்சணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரே செய்யாததை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அந்த ஊரில் ஒருவன் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றால், அவன் உண்மையிலேயே செய்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லு" என்றார் முதலாளி. "இல்லேன்னா சாவியைக் கணக்கப்பிள்ளைகிட்ட குடுத்துட்டுப் போ."

எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். அந்த வேலை போனால் இன்னொரு வேலை என்பது, ராத்திரியில் முதலாளி வண்டியை ஊர்மேய விட்டவன் என்று பெயர் வாங்கியவனுக்குக் கொச்சியில் கிடைக்காது. வல்லார்பாடம் தீவுக்குப் போய்ப் படகில் துடுப்புப் போட வேண்டியதுதான். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. மத்தியானம் சாப்பிடாமல் நேரே மழை மரத்தடிக்குப் போனேன்.

"ஆளை விசாரிச்சது போதும் ஆசானே. வந்து வண்டியை விசாரிங்க."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கையில் கிடந்த டேப்பை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து என்னோடு கிட்டங்கிக்கு வந்தார். நான் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, வயருக்கும் அதற்கும் நடுவில் சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன பல்பைக் கோத்தார். வண்டியில் எல்லாம் அணைந்திருந்தால் அந்த பல்பு எரியக்கூடாது. ஆனால் மங்கலாக எரிந்தது.

"பார்த்தியா? ஆரோ கரண்டு குடிக்கறான்."

ஹெட்லைட் வயரைக் கழற்றினார். பல்பு எரிந்தது. ஹாரன் வயரைக் கழற்றினார். அப்போதும் எரிந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டே போனார். என் கையெல்லாம் கிரீஸ். துடைக்கத் துணி எடுக்கலாம் என்று பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன்.

"என்ன செஞ்ச?" என்று முன்னாலிருந்து ஆசான் கத்தினார்.

"துணி எடுத்தேன்."

"பல்பு அணைஞ்சு போச்சே! மூடு அதை."

மூடினேன். எரிந்தது. திறந்தேன். அணைந்தது. மறுபடி மூடினேன், மறுபடி திறந்தேன். சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டு வந்து நின்றார்கள். முதலாளியும் ஆபீஸ் அறையிலிருந்து இறங்கி வந்தார். ஆசான் பின்பக்கம் வந்து டிக்கி விளக்கைக் குனிந்து பார்த்தார்.

"இது எரியலையே?"

"அது மாட்டின மறுநாளே போச்சு."

"என்கிட்ட ஏன் பறையல?"

"பறைஞ்சா ஆரு தொட்டதுன்னு கேப்பீங்க."

ஆசான் பேட்டரி முனையை மறுபடி மாட்டச் சொன்னார். சரக்குப் பைகளை ஒதுக்கிவிட்டு, ஆள் குள்ளமல்லவா, காலை மடக்கிக்கொண்டு டிக்கிக்குள் ஏறிப் படுத்தார்.

"மூடு" என்றார்.

நான் மூடினேன். என் ஆயுளில் ஒரு மூடியை அவ்வளவு ஆசையாக நான் மூடியதில்லை.

உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம். "எரியுது! எரியுது!" என்று குரல் வந்தது. அடுத்து, வாயில் ஊறிப்போன பழக்கம், அதே மூச்சில் ஆசான் கேட்டார்.

"இங்க இந்த பட்டனை வெச்சது ஆரு?"

முற்றத்தில் நின்ற எல்லோரும் டிக்கியையே பார்த்தார்கள். உள்ளேயிருந்து அதற்கு மேல் சத்தம் வரவில்லை. கைப்பிடி என் கையில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவர் கொஞ்ச நேரம் பட்டனைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டேன். முதலாளிதான் கடைசியில், "தெறப்பா, மனுஷன் செத்துடப்போறான்" என்றார்.

மிளகுத் தூசியோடு ஆசான் வெளியே வந்தார். தும்மினார். மறுபடியும் தும்மினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி என்ன சொல்வார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கோ உடம்பே லேசாகிவிட்டது. ஒரு வார்த்தை, தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தேன்.

அவர் மரப்பெட்டிமேல் போய் உட்கார்ந்தார். டேப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார்.

"முதலாளி" என்றார். "டிக்கியில விளக்கு வேணும்னு கேட்டது ஆரு?"

முதலாளி அவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பானெட் திறந்து கிடந்தது, கழற்றிய வயர்கள் எல்லாம் குடல் சரிந்ததுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. நாளைக்கு பம்பாய் ஏஜெண்டு வருகிறார். ஆசானோ எழுந்திருக்கிற உத்தேசத்தில் இல்லை.

"...நான்தான்" என்றார் முதலாளி.

"ஆ" என்றார் ஆசான்.

அப்புறம் எழுந்து, சந்தோஷமாக எல்லா வயரையும் பூட்டினார். டிக்கி விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "கேட்டு வெச்சா இப்படித்தான் ஆகும்" என்று முதலாளிக்குப் புத்தியும் சொன்னார். சுமட்டுக்காரர்கள் மூட்டைக்கு மூட்டை இதைச் சொல்லிச் சிரித்தார்கள். முதலாளி என் தோளைத் தட்டி, மனசுல வெச்சுக்காதே என்றார். அன்று மாலை பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். என் மனைவியிடம் ஒப்புக்கொள்ளாததன் பெருமையை நடித்தே காட்டினேன்.

மறுநாள் காலை செல்ஃபை ஒரு இழு, வண்டி கிளம்பிவிட்டது. சரிபார்த்துவிட்டு உடனே அணைத்து வைத்தேன். முதலாளி இறங்கி வந்தார். எப்போதும் நேராகப் பின்கதவுக்கு வருகிறவர், அன்று வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். "மழை வரும்போல" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். சூடு இல்லை என்று தெரிந்ததும் எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். ராத்திரி வண்டி எங்காவது போய் வந்ததா என்று பார்க்கிறார். எனக்கு அது புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கை. அவர் கெட்டவர் இல்லை. மூன்றாவது பிள்ளை பிறந்தபோது தொட்டிலே வாங்கிக் கொடுத்தார். ஆனால் மறுநாள் காலை வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். பாட்டு கேட்பதுபோல் அது அவருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தக் கை எழும்வரை நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

வெயில்காலம் வந்தது. கிட்டங்கி முற்றத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்த இடம் கிடையாது. கிழக்கு வெயில் மதில் தாண்டி வந்து நேராக பானெட்டில் விழும். கறுப்பு வண்டி. முதலாளி இறங்கி வருவதற்குள் தோசை வார்க்கலாம் போல் காய்ந்துவிடும். வெயில்தான் முதலாளி என்று நான் சொல்லியிருக்கலாம். அவரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் காற்று, வெயில் என்று காரணம் சொல்கிறவனை எங்கள் ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே காலையில் அவர் வருவதற்குள் ஒரு கோணிச்சாக்கைத் தண்ணீரில் நனைத்து பானெட் மேல் விரித்துவிடுவேன். குளிர்ந்ததும் எடுத்து, ஈரம் தெரியாமல் துடைத்துவிடுவேன்.

ஒருநாள் அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆசான் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார். கணக்கப்பிள்ளை வீட்டுக் காலிங் பெல்லைப் பற்றிப் பேச வந்தவர். நனைந்த சாக்கைப் பார்த்தார். அவசரமாகத் துடைக்கும் என் கையைப் பார்த்தார். மெல்ல உள்ளே வந்து, காலியாகக் கிடந்த ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி வண்டி எங்கே போயிருந்துச்சு, டிரைவரே?" என்று கேட்டார்.